சோற்று வேளைக்கு வந்த மரம்

கல்லாத்துச் சாஸ்தாவை வீட்டில் இருந்தபடியே கும்பிட முடியாது. அணைக்கட்டுக்கும் மேலே, மலைக்குள்ளே, ஆறு பாறையில் விழுந்து திரும்புகிற இடத்தில் அவர் போய் உட்கார்ந்துகொண்டார் என்பதால், ஆடி அமாவாசை வந்துவிட்டால் அவரைக் குலதெய்வமாகக் கொண்ட அத்தனை பேரும் சட்டி பானை, அரிசி பருப்பு, கிடாய், கோழி, பாய், தார்ப்பாய், கைப்பிள்ளை, கிழடு கட்டை எல்லாவற்றையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு, காட்டிலாகாக்காரர்கள் வருஷத்துக்கு ஒருதரம் திறந்துவிடுகிற கேட்டைத் தாண்டிப் போய், ஆற்றங்கரை மரங்களுக்கு நடுவே கம்பு நட்டுக் குடிசை போட்டு, அமாவாசை கழிகிற வரைக்கும் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, அங்கேயே சண்டை போட்டு, அங்கேயே சமாதானமாகித்தான் திரும்ப வேண்டும். ஊரில் முகம் பார்த்துப் பேசாத பங்காளிகள்கூடக் காட்டில் ஒருவர் அடுப்பில் ஒருவர் நெருப்பெடுப்பார்கள். கீழே இறங்கியதும் மறுபடி பேசமாட்டார்கள், அது வேறு.

தளவாயின் மனைவி பிரம்மசக்திக்கு இதெல்லாம் புதிது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிறந்து, ஹாரன் சத்தத்திலேயே தூங்கி விழித்து வளர்ந்தவள் அவள். சத்தம் இல்லாத இடத்தில் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மகள் வதனிக்கு மூன்று வயதாகியும் சாஸ்தா முன்னால் முடியிறக்கிக் காது குத்தவில்லை என்று தளவாய் ஓயாமல் நச்சரித்ததால்தான், சரி போய்த் தொலைவோம் என்று கிளம்பி வந்திருந்தாள். வந்ததிலிருந்து அட்டைக்குப் பயம், குரங்குக்குப் பயம், யானைக்குப் பயம், ஆற்றுக்குப் பயம். தளவாயோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடிசை குடிசையாகப் போய்ச் சொந்தம் விசாரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒத்தாசை என்றால் நாத்தனார் முத்துப்பேச்சி ஒருத்திதான். பிள்ளையில்லை என்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து பேச்சி அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள், வதனியை இடுப்பைவிட்டு இறக்கமாட்டாள். அது பிரம்மசக்திக்கு உதவியாகவும் இருந்தது, கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது, மறைப்பானேன்.

முடியிறக்கிச் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வதனி அன்று மத்தியானம் சோறு தின்னமாட்டேன் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இந்த மாதிரி நேரத்துக்கென்று எல்லாத் தாய்மாருக்கும் ஒரு பூச்சாண்டி உண்டு. கோவில்பட்டியில் பிரம்மசக்தி போகிற வருகிற போலீஸ்காரர், பேரீச்சம்பழக்காரர், ஊசிபோடுகிற நர்ஸம்மா என்று யாரையாவது கூப்பிட்டு, இவளைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று சொல்வாள். அவர்களும் இதோ வந்தேன் என்று முறைத்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போவார்கள். காட்டில் அந்நேரம் யாரும் போகவில்லை, வரவில்லை. அவள் கண்ணுக்கு எதிரே ஆற்றோரமாக ஒரு பெரிய மருதமரம்தான் நின்றது, பட்டையெல்லாம் வெளுத்து, மனிதத் தோல் மாதிரி.

"ஏ மரமே, இவ சோறு திங்கமாட்டேங்கா. இவ எனக்கு வேண்டாம். நீயே எடுத்துக்கோ, குடுத்துட்டேன்" என்றாள்.

வதனி பயந்துபோய் வாயைத் திறந்தாள், சோறு உள்ளே போயிற்று. பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு இடம்விட்டு நகர்கிற பெரிய மனிதரைப் போல, மருதமரம் தன் வேரைக் கொஞ்சம் தூக்கி, மண் பொலபொலவென்று உதிர, குடிசையைப் பார்த்து ஒரு எட்டு எடுத்து வைத்தது.

முதலில் கண்டது எதிர்க் குடிசையில் டீக்கடை போட்டிருந்த ஆறுமுகநயினார்தான். பாய்லரைத் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மரம் நின்ற குழியையும் நிற்கிற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டம் சேர்ந்தது. மரம் எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. காட்டுக்குள் சாமி கும்பிட வந்தவர்கள், அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

"யாரு கூப்பிட்டது?" என்றுதான் கேட்டார் நயினார்.

"எங்க மைனிதான். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது சும்மா சொன்னாவ" என்றாள் பேச்சி.

"சும்மா என்ன சொன்னாவ? குடுத்துருவேன்னு சொன்னாவளா, குடுத்துட்டேன்னு சொன்னாவளா?"

பேச்சி மைனியைப் பார்த்தாள். மைனி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டேன்னுதான் சொன்னாவ."

கூட்டம் 'ச்சு' கொட்டியது. இலக்கணம் படித்த கூட்டம் இல்லைதான், ஆனாலும் குடுத்துருவேனுக்கும் குடுத்துட்டேனுக்கும் நடுவே எத்தனை வயக்காடு கைமாறியிருக்கிறது, எத்தனை கல்யாணம் நின்றிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். குடுத்துருவேன் என்றால் நாளைக்கு நாக்குப் புரண்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். குடுத்துட்டேன் என்றால் குடுத்ததுதான்.

அதற்குப் பிறகு மரம் சோற்று வேளைக்குச் சோற்று வேளை வந்தது. கூப்பிட்டது சாப்பாட்டு நேரத்தில் என்பதால் அதற்கு அந்த நேரம்தான் தெரியும் போலிருந்தது. ராத்திரி சாதம் வடித்தபோது ஒரு எட்டு, காலையில் உப்புமாவுக்கு ஒரு எட்டு. எந்தக் குடிசையில் கரண்டி பானையில் தட்டினாலும் மண்ணுக்கடியில் வேர் முறிகிற சத்தம் கேட்கும், பிரம்மசக்தி பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொள்வாள். அவளுக்குத் தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மற்றவர்களுக்கு இறங்கியது. ஒரு நாள் போவதற்குள் மருதமரம் அந்த ஆற்றங்கரையில் ஒரு ஆளாகிவிட்டது. வேனுக்குப் பின்னால் குடிசை போட்டிருந்த பெண்கள் அதன் கிளையிலிருந்து இன்னொரு மரத்துக்குக் கயிறு கட்டி ஈரத்துணி காயப்போட்டார்கள். மரம் நகர்ந்தபோது கயிறு இழுபட்டுச் சேலையெல்லாம் ஆற்றில் விழ, ஒரு பாட்டம் திட்டிவிட்டு, இரண்டு முனையையும் அதன் கிளையிலேயே கட்டிக்கொண்டார்கள். நயினார் தன் டீக்கடையை நிழலுக்காக அதன் அடியில் மாற்றினார். சாப்பாட்டு நேரம் நெருங்கினால், "தள்ளுங்கப்பா, அண்ணாச்சி வாராரு" என்று பாய்லரைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவார். சந்தனம் பூசினார்கள், மஞ்சள் துணி சுற்றினார்கள். பிள்ளை வரம் கேட்டு வந்த ஒருத்தி அதில் குட்டித் தொட்டில்கூடக் கட்டிவிட்டாள். அடுப்புக்கும் மரத்துக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று அதட்டிக்கொண்டு திரிந்த காட்டிலாகா கார்டு, மரமே அடுப்பைத் தேடி வந்தால் யார் மேல் கேஸ் எழுதுவது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி வைத்து நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டார்.

எல்லாரும் பிரம்மசக்தியிடம் வந்து ஆறுதல் சொன்னார்கள். பயப்படாதே தாயி, மரம்தானே என்றார்கள். நல்ல இடம்தான், தண்ணீர் வசதி உண்டு என்று பெண் கொடுக்கிற வீட்டில் பேசுவது மாதிரி ஒரு கிழவர் சொன்னபோது அவள் அலறியே விட்டாள். "சும்மாதான் சொன்னேன் மரமே, விளையாட்டுக்குச் சொன்னேன், எல்லாத் தாயும் சொல்லுததுதான்" என்று போய் மரத்தடியில் விழுந்தாள். மரம் அசையவில்லை. அதற்கு விளையாட்டுத் தெரியாது, விளையாட்டுக்குச் சொன்ன சொல்லும் தெரியாது.

அன்று பிற்பகலில் அவள் தளவாயைப் பிடித்து உலுக்கினாள். "என்னங்க, வேனை எடுங்க. சாமியும் வேண்டாம், காதுகுத்தும் வேண்டாம், எம்பிள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிருவோம்." தளவாய்க்கும் அதற்குள் முகம் செத்துப்போயிருந்தது. பேச்சியையும் ஏற்றிக்கொண்டு வேன் மலையிறங்கத் தொடங்கியது. இரண்டு பக்கமும் காடு, நடுவே ஒற்றைத் தார்ச்சாலை, சாலையில் விழுந்து கிடந்த யானை லத்தியில் ஆவி பறந்தது. காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வதனி பசிக்கிறது என்று அழுதாள். அழுகிற பிள்ளைக்குத் தாய் கை சும்மா இருக்குமா? பிரம்மசக்தி பையில் கிடந்த பிஸ்கட்டை ஒடித்து அவள் வாயில் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த வளைவில் சாலைக்கு நடுவே மருதமரம் நின்றது. மேலே சந்தனம், இடுப்பில் மஞ்சள் துணி, கிளையில் காயப்போட்ட பாவாடை. வழிமறித்து நிற்கிற கோபம் ஒன்றும் அதனிடம் இல்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர் மாதிரி, அவசரமில்லாமல், பொறுமையாக நின்றது. அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் பிரம்மசக்தி பிள்ளையின் வாயில் விரலைவிட்டுப் பிஸ்கட்டைத் தோண்டி எடுத்தாள். தளவாய் பின்கியர் போட்டான். அவர்கள் ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்தபோது, மரம் அவர்களுக்கு முன்னால் வந்து பழைய இடத்தைவிட ஒரு எட்டுக் கிட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. நயினார் அதன் அடியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

அமாவாசை விடிந்தது. குடிசைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கத்தான் இடமிருந்தது. பிரம்மசக்தி விடியற்காலையிலேயே எழுந்து குடிசை குடிசையாகப் போய்க் காலைப் பிடித்தாள். இன்றைக்கு ஒருநாள் யாரும் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம், யாரும் ஒரு வாய் தின்ன வேண்டாம், சாயங்காலம் கேட்டைத் திறந்து எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள், அதுவரை பொறுங்கள் என்றாள். மனிதர்கள்தானே, மனது இளகியது. காலையில் ஒரு குடிசையிலும் புகை எழவில்லை. நயினார்கூடப் பாய்லரை அவித்துவிட்டார். பச்சைப் பிள்ளைகள் அழுதன, சர்க்கரை வியாதிக்காரர்கள் தலைசுற்றிப் படுத்துக்கொண்டார்கள், மரம் நின்ற இடத்திலேயே நின்றது. அந்தக் காலைப்பொழுது முழுக்கப் பிரம்மசக்தி எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டபடியே இருந்தாள்.

ஆனால் உச்சிக்குப் படையல் போட்டாக வேண்டும். சாஸ்தாவுக்குச் சாமியாடுகிற பட்டமுத்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார். நல்ல மனிதர், சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

"தாயி, கிடாய் வெட்டியாச்சு. கோயில் அடுப்புல கறியும் வெந்துட்டு. சாமிக்குப் படைக்காம அமாவாசையக் கழிக்க முடியுமா? படைச்ச சோத்தத் திங்காம விட்டா அது சாமிக்கு அவமரியாதைல்லா?"

"எம்பிள்ள போயிருமே, ஐயா."

"அதுக்குத்தான் தாயி என்ன செய்யன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து, இலை போடச் சொல்லிக் கைகாட்டினார். எல்லாருக்கும் அவள்மேல் இரக்கம்தான். ஆனால் இரக்கம் வேறு, பசி வேறு. குழம்பு வாசம் ஆற்றங்கரை முழுக்கப் பரவியதும் இரக்கப்பட்டவர்களும் இலை முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் பேச்சி, கிடாய்கள் கட்டிக்கிடந்த பக்கமிருந்து ஒரு சுளகை ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். சுளகு நிறையத் தவிடு, கிடாய்கள் தின்று மிச்சம் வைத்தது.

"மைனி, பிள்ளைய நான் வாங்கிக்கிடுதேன்."

"என்னட்டி சொல்லுத?"

"தவுட்டுக்கு வாங்கிருதேன். எங்க அம்மைக்கு அண்ணனுக்குப் பொறவு, எனக்கு முந்திப் பிறந்ததெல்லாம் நிலைக்கலன்னு, என்னையக் கோயில்ல குடுத்துட்டு, எங்க பெரியம்ம தவுட்டக் குடுத்து வாங்குனாவ. சாமிகிட்டயே வாங்கலாம்னா மரத்துகிட்ட வாங்கக்கூடாதா?"

இது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். உயிர் தங்காத வீட்டுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். கேவலம் தவிட்டு விலைக்குப் போன பிள்ளை என்று எமன்கூடச் சீந்தமாட்டான் என்பது கணக்கு. பந்தியில் உட்கார்ந்தவர்கள், அட, இது நமக்குத் தோன்றவில்லையே என்று தலையை ஆட்டினார்கள். பிரம்மசக்தி பாய்ந்து சுளகைப் பிடித்தாள்.

"குடு, நானே வாங்குதேன்!"

"குடுத்தவ வாங்க முடியாது தாயி" என்றார் பட்டமுத்து. "கை மாறணும்."

"அப்பம் நான் வாங்குதேன்" என்றான் தளவாய்.

"புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கைதானப்பா."

பட்டமுத்து இதைச் சொல்லி முடிக்கவும், பந்தியின் அந்தக் கோடியில் பொறுக்கமாட்டாத எவனோ முதல் கவளத்தை வாயில் வைக்கவும் சரியாக இருந்தது. மண் வெடித்தது. மருதமரம் பாய் விரிக்கிற அந்த இடத்தையும் கடந்து வந்து, குடிசையின் தார்ப்பாயைக் கிளையால் நீக்கிவிட்டு, வாசலில் நின்றது.

"மரத்தடியில பிள்ளைய நிப்பாட்டுங்க மைனி. குடுத்தாத்தான் வாங்க முடியும்."

பிரம்மசக்தி வதனியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தோடு சாய்த்து நிறுத்தினாள். கையை எடுக்க வரவில்லை. எடுங்க மைனி, எடுங்க மைனி என்று பேச்சி அழுதாள். எடுத்த பிறகு வாங்க முடியாமல் போனால், தவிடு பத்தாமல் போனால், மரத்துக்கு இந்த வழக்கமே தெரியாமல் போனால் என்று பிரம்மசக்தியின் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பயந்தது. பிறகு எடுத்துவிட்டாள். ஒரு கிளை தாழ்ந்து வந்து பிள்ளையின் மொட்டைத் தலையை இலையால் தடவியது. வதனி அழவில்லை. கிச்சுக்கிச்சு மூட்டியது போல மேலே பார்த்துச் சிரித்தாள். அவள் முதுகு பட்ட இடத்தில் பட்டை மெழுகு மாதிரி இளகி உள்வாங்கத் தொடங்கியது. அழுதிருந்தாலாவது தேவலை என்று இருந்தது பெற்றவளுக்கு.

பேச்சி சுளகோடு தவிட்டை வேரில் கொட்டினாள். "தவுட்டுக்கு வாங்குனேன்! தவுட்டுக்கு வாங்குனேன்! எம்பிள்ள!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாறைக் குரங்குகள் ஓடின. மணலில் விட்ட தண்ணீராகத் தவிடு வேருக்குள் இறங்கியது. கடைசித் துகள்வரை இறங்கிய பிறகு, பட்டை பிள்ளையை விட்டது. பேச்சி வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பந்தியே 'அப்பாடா' என்றது. பிரம்மசக்தி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். வதனி அவளைப் பார்த்துவிட்டு, முகத்தைப் பேச்சியின் தோளில் புதைத்தாள்.

"யம்மா, பசிக்கி" என்றாள் பேச்சியிடம். அப்புறம், விருந்தாளிக்கு மரியாதை செய்யப் பழக்கிய பிள்ளை அல்லவா, திரும்பி, "யத்தை, நீங்களும் வாங்க, சாப்பிடலாம்" என்றாள். தளவாயைப் பார்த்து மாமா என்றாள்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாங்கினவள் தாய், தாய்க்கு அண்ணன் மாமா, அண்ணன் பெண்டாட்டி அத்தை. முறை ஒரு இழைகூடப் பிசகவில்லை. பிள்ளை தப்பியதே பெரிசு, எப்படிக் கூப்பிட்டால் என்ன, ஒரே வீடுதானே என்று எல்லாரும் சொல்லி, அவளை இழுத்து உட்காரவைத்து, இலையில் கறியை அள்ளி வைத்தார்கள். அவர்களுக்குக் காரியம் முடிந்துவிட்டது. அதற்குள் நயினார், இனிமேல் மரம் நகராது என்ற தைரியத்தில், அடியில் பெஞ்சும் போட்டுவிட்டார். பிரம்மசக்தி இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிரே பேச்சி ஊட்ட ஊட்ட, வதனி ஒரு பேச்சில்லாமல் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

மூட்டை கட்டுகிற நேரத்தில் பேச்சி தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குடிசைக்குப் பின்னால் வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"மைனி, அவ என்னைய அம்மான்னு கூப்பிடும்போது எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோசமா இருக்கு தெரியுமா. அதான் பயமா இருக்கு. நாள் போச்சுன்னா எனக்குத் திருப்பித் தர மனசு வராது. இப்பமே வாங்கிக்கிடுங்க. இந்தாங்க, உங்க பிள்ளைய உங்களுக்கே குடு..."

பிரம்மசக்தி அவள் வாயைப் பொத்தினாள். பல்லில் பட்டு உதடு கிழிகிற அளவுக்குப் பொத்தினாள்.

தலைக்கு மேலே மருதமரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மரங்களிலும் ஆடவில்லை.

"சொல்லாதட்டி. அது கேட்டுக்கிட்டு நிக்கி. நீ குடுத்துட்டேன்னு சொன்னா, யாருக்குக் குடுத்தன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

பேச்சியின் கண்ணீர் அவள் விரலிடுக்கில் இறங்கியது. இனித் தவிடும் கிடையாது, வாங்க வேறு கையும் கிடையாது. "மரமில்லாத இடமாப் பாத்துச் சொல்லுதேன் மைனி" என்று பொத்திய கைக்குள்ளேயே முனகினாள்.

வேன் மலையிறங்கியது. கேட் வந்தது, அங்கே இரண்டு பக்கமும் தேக்கு. அணைக்கட்டு வந்தது, கரை நெடுக வாகை. சமவெளி வந்தது, ரோட்டோரம் புளியமரங்கள் கைகோத்து நின்றன. அதைத் தாண்டினால் தென்னை, தென்னையைத் தாண்டினால் கருவேலம். ஒவ்வொரு இடத்திலும் பேச்சி கண்ணால் கேட்டாள், இங்கே சொல்லட்டுமா என்று. ஒவ்வொரு இடத்திலும் பிரம்மசக்தி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பெட்ரோல் பங்கில்கூட டேங்குக்குப் பின்னால் ஒரு வேம்பு எட்டிப் பார்த்தது. உலகத்தில் இத்தனை மரம் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஊர் எல்லை தெரிந்தபோது வதனி விழித்துக்கொண்டாள். ஜன்னலில் நெற்றியை அழுத்தி வெளியே பார்த்துக்கொண்டிருந்த பிரம்மசக்தியை ரொம்ப நேரம் கவனித்துவிட்டு, மெதுவாகச் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"யத்தை, நீங்க எங்க இறங்கணும்?"

பிரம்மசக்தி வெளியே பார்த்தபடியே, "உங்க வீட்டுக்குத்தான் தாயி வாரேன்" என்றாள்.

"வாங்க" என்றாள் பிள்ளை. "எங்கம்மா சோறு போடுவா."